ரப்பர் மல்லும் சல்லிக்கல்லும்

லொறி வந்த அன்று பங்களா முன்வாசலில் நின்றவர்கள் இவர்கள்.

நோனா. பழைய துரை பங்களாவை வாங்கி ஹோட்டலாக்கியவர். கொழும்பில் இருப்பார். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார்.

ஜயந்த மாத்தயா. ஹோட்டல் மனேஜர். மேல்படியில் நின்றார்.

நிஹால். லொறி டிரைவர். தூக்கமில்லாத கண்.

லோகு. என்கூட வேலை செய்தவன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

நான். சிவனு. பங்களா பூந்தோட்டக்காரன்.

ஆக ஐந்து பேர். லொறியில் அறுபது சாக்கு.

சாக்குக்குள் இருந்தது பழைய டயரை நறுக்கிச் சாயம் போட்ட ரப்பர் துண்டு. ஒவ்வொன்றும் நகத்தளவு. செங்கல் நிறம். பூப்பாத்தியில் மண் தெரியாமல் கொட்டி மூடுவதற்காம். மண்ணை மூட மானாப்புல்லை அறுத்துப் போட்டே பழகியவன் நான். இப்போது அதற்கும் லொறியில் சரக்கு வருகிறது.

நான் வேலையை விட்டு இரண்டு வருசம். இன்னும் போன் வருகிறது. நுவரெலியா, ஹட்டன், பூண்டுலோயா என்று எங்கே புது ஹோட்டல் கட்டினாலும் அங்கே பூந்தோட்ட வேலைக்குப் போகிற ஒருவன் என் நம்பரைப் பிடித்துவிடுகிறான்.

"சிவனண்ணே, சரிவுக்கு ரப்பர் போடலாமா, கல்லு போடலாமா?"

"கல்லு."

"ஏண்ணே?"

இந்த ஏனுக்குத்தான் பதில் நீளம். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. சொன்ன பிறகும் பாதிப்பேர் ரப்பர்தான் போடுகிறார்கள். போட்டோவில் நன்றாக இருக்கிறதாம். அதனால் ஒரே முறை எழுதிவிடுகிறேன். வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

வேலை பழகின கதையை நீட்டமாட்டேன். எங்கள் தோட்டம் றொசல்லவுக்குக் கீழே. ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. பதினாறு வயதில் தேயிலைக்குள் கான் வெட்டப் போட்டார்கள். மலையில் குறுக்காக வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிடுகிற வாய்க்காலைத்தான் கான் என்போம். மூன்று வருசம் அதுதான் வேலை. பிறகு பங்களாவில் ஆள் குறைந்தது என்று என்னை மேலே அனுப்பினார்கள். அங்கேயே இருந்துவிட்டேன். துரைமார் ஒன்பது பேர் மாறினார்கள். பிறகு பங்களாவே கைமாறியது. நாற்காலி மேசையோடு என்னையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

கான் வெட்டியதில் நான் கற்றது ஒன்றுதான். மலையில் எதை வைத்தாலும் தண்ணீர் அதைக் கீழே கொண்டுபோகப் பார்க்கும். எதை வைக்கிறோம் என்பதை விட, எதைக் கொண்டு தடுக்கிறோம் என்பதே வேலை.

ஜயந்த மாத்தயா கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

அவர் வெள்ளைச் சப்பாத்து போட்டிருப்பார். அதில் மண் படக்கூடாது. அதனால் முன்வாசல் மேல்படியை விட்டு இறங்கமாட்டார். அங்கே நின்று போனில் போட்டோ எடுப்பார். எடுத்த போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். "சிவனு, இடது பக்கம் மூணாவது ரோசாவுக்குக் கீழ ஒரு இலை கிடக்கு" என்பார். இறங்கி வந்தால் பத்து அடி. குனிந்தால் அவரே எடுத்துவிடலாம்.

தமிழ் நன்றாகப் பேசுவார். ஒவ்வொரு பேச்சையும் "ஹரித?" என்று முடிப்பார். சிங்களத்தில் "சரியா?" என்று அர்த்தம். நாம் வாய் திறப்பதற்குள் அவரே "ஹரி" என்று பதிலும் சொல்லிக்கொள்வார். ஆறு வருசம் அவரிடம் வேலை செய்தேன். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவே ஒருமுறையும் எனக்கு இடம் கிடைத்ததில்லை.

நேரில் சொல்வது குறைவு. வேலையைப் போனில் குரலாகப் பேசி அனுப்புவார். நடந்துகொண்டு பேசுவார், தின்றுகொண்டு பேசுவார். லொறி வருவதற்கு நான்கு நாளைக்கு முன் வந்தது இது.

"சிவனு, முன் சரிவுப் பாத்தி எல்லாம் க்ளீன் பண்ணு. நோனா ரப்பர் மல் அனுப்புறாங்க. வியாழக்கிழமை வரும். பழசு ஒண்ணும் அங்க இருக்கக் கூடாது. ஹரித? ஹரி."

மூன்று தரம் போட்டுக் கேட்டேன். லோகுவிடம் கொடுத்தேன். அவனும் கேட்டான்.

"ரப்பர் மல்லுன்னுதாண்ணே சொல்றாரு."

சிங்களத்தில் மல் என்றால் பூ. எங்கள் பக்கம் நடக்கப் பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். போன மாதம்தான் நோனா சாப்பாட்டு மண்டபத்துக்கு பிளாஸ்டிக் ஓர்கிட் கொண்டுவந்து வைத்தார். அதைத் தூசு தட்டுகிற வேலையும் பூந்தோட்டக்காரன் தலையில்தான் விழுந்தது. இப்போது வெளியேயும் ரப்பர் பூ வருகிறது என்று நினைத்தேன். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"ரப்பர் பூவுக்கு உரம் போடணுமாண்ணே?" என்றான் லோகு.

"வாய மூடிக்கிட்டு அலவாங்க எடு."

"பூச்சி கடிச்சா சைக்கிள் கடையில குடுத்து ஒட்டுப் போட்டுக்கலாம்."

முன் சரிவில் மூன்று அடுக்காகப் பாத்தி. ஒவ்வொரு பாத்திக்கும் கீழ்க்கரையில் கருங்கல் வரிசை. அதை வைத்தவன் நானே. ஒரு வருசம் மழையில் ஒரு பாத்தி முழுதாகக் கீழே போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லாகச் சுமந்து வந்து பதித்தேன். கல்லின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள், ஒரு பங்கு வெளியே, மலைப் பக்கம் சாய்ந்து நிற்கவேண்டும். நேராக நின்றால் தண்ணீர் தள்ளிவிடும். இருபது வருசமாக ஒரு கல் அசையவில்லை.

ரப்பர் பூ சட்டியில் வரும், சட்டிக்குத் தட்டையான தரை வேண்டும், மண்ணைத் தடுக்க வேண்டியதில்லை. இப்படி யோசித்தேன். பழசு ஒன்றும் இருக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் அலவாங்கு போட்டுப் பெயர்த்தோம். கல் வர மறுத்தது. கல்லுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை. எல்லாவற்றையும் பங்களாச் சமையல் குசினிக்குப் பின்னால் அடுக்கினோம்.

வியாழக்கிழமை லொறி வந்தது. நிஹால் கயிற்றை அவிழ்த்தார். லோகு ஏறி ஒரு சாக்கைப் பிரித்தான்.

"அண்ணே, பூ இல்ல. டயரு."

"எந்தப் பூ?" என்றார் நிஹால்.

லோகு மெல்லச் சொன்னான். நிஹாலுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, மல் இல்ல. மல்ச்! மல்ச்! இங்கிலீசு அது. மண்ண மூடுறது."

அந்த 'ச்' மாத்தயா தின்ற ரொட்டியோடு உள்ளே போயிருக்கிறது.

நான் சிரிக்கவில்லை. சரிவைப் பார்த்தேன். கல் இல்லாத சரிவு வழுக்கைத் தலை மாதிரி இருந்தது. சரிவுக்குக் கீழே கான். கான் போய் முடிகிற இடத்தில் ஊற்றுத் தண்ணீர் சேர்கிற சிமெந்துத் தொட்டி. தொட்டியிலிருந்து குழாய் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு, கீழ் லயத்துப் பீலிக்குப் போகிறது. பதினெட்டு வீட்டுக்குக் குடிக்க, குளிக்க, சமைக்க அந்தப் பீலி ஒன்றுதான். என் வீடும் அந்த லயத்தில்தான்.

நோனாவிடம் போய்ச் சொன்னேன். சிங்களத்தில்தான் பேசினோம். தமிழில் எழுதுகிறேன்.

"நோனா, சரிவுக்கு இது வேண்டாங்க. சல்லிக்கல்லு போடுவோம்."

"கல்லுல பிள்ளைங்க விழுந்தா முழங்கால் உடையும். இது மெத்தை மாதிரி. களை வராது. அழுகாது. பத்து வருசம் அப்படியே இருக்கும்."

"அழுகாதுங்கறதுதான் நோனா எனக்குப் பயம்."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டார். "அப்ப இத என்ன செய்யச் சொல்ற?"

"ஊஞ்சலுக்குக் கீழ போடலாங்க. அது சமதரை. சுத்திப் பலகை அடிச்சா நிக்கும். பிள்ளைங்க விழுந்தாலும் நோகாது. சரிவுல நிக்காது. மழை கொண்டு போயிரும்."

"ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் சாம்பலா? போட்டோவுல அசிங்கமா இருக்கும்."

மேல்படியிலிருந்து மாத்தயா சொன்னார். "சிவனு, கல்லும் கனம், ரப்பரும் கனம். ஹரித? ஹரி."

"கரைக்கல்லு வச்சுட்டுப் போடுறேன் மாத்தயா. மூணு நாள் குடுங்க."

"நாளைக்கு கெஸ்ட் வர்றாங்க. எங்க மூணு நாள்?"

நோனா சரிவைப் பார்த்தார். "இங்க ஒரு கல் வரிசை இருந்துச்சே?"

"க்ளீன் பண்ணச் சொன்னேன் நோனா. சிவனு நல்லா க்ளீன் பண்ணிட்டான்" என்றார் மாத்தயா. பெருமையாகத்தான் சொன்னார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பூ என்று நினைத்துப் பிடுங்கிவிட்டேன், அது இல்லாமல் கொட்டினால் ஒன்றும் நிற்காது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அறுபத்து மூன்று வயது. நாற்பத்தேழு வருச வேலை. ஒரு எழுத்து காதில் விழவில்லை என்று நோனா முன்னால் சொல்ல வெட்கம். நிஹால் சிரித்ததே போதும் என்று இருந்தது.

அறுபது சாக்கையும் இறக்கினோம். அன்று மாலைக்குள் கொட்டிப் பரப்பினோம். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மாத்தயா மேல்படியில் நின்று பதினைந்து போட்டோ எடுத்தார்.

வெள்ளிக்கிழமை கெஸ்ட் வந்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் மழை வந்தது.

றொசல்லப் பக்கத்து மழையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பங்களாக் கூரைத் தண்ணீர் முழுவதும் முன் சரிவில்தான் விழும். முதலில் ரப்பர் அசையவில்லை. மாத்தயா சொன்ன மாதிரி கனம்தான் போலிருக்கிறது என்று நானே நினைத்தேன். பிறகு தண்ணீர் அடியில் புகுந்தது. சோறு வடிக்கும்போது தட்டு விலகினால் கஞ்சியோடு சோறும் கொட்டுமே, அப்படிப் போனது. தடுக்க அங்கே ஒன்றும் இல்லை. நேராகக் கானுக்குள் போனது. நானும் லோகுவும் மம்பட்டியோடு மழையில் நின்றோம். மம்பட்டியால் ஆற்றை மறிக்க முடியுமா?

ஞாயிறு காலையில் குசினிப் பக்கம் என் மதினி வந்து நின்றாள். செத்துப்போன என் அண்ணன் பெண்சாதி, மாரியாயி. இடுப்பில் குடம்.

"கொழுந்தனாரே, கொஞ்சம் இங்க வாங்க."

போனேன். குடத்தைக் கீழே வைத்தாள்.

"பாருங்க. உங்க பங்களாப் பூ எங்க குடத்துல பூத்திருக்கு."

லோகு லயம் முழுக்கச் சொல்லிவிட்டான் என்று அப்போது தெரிந்தது. குடத்துக்குள் பார்த்தேன். அடியில் சிவப்புத் துண்டுகள். மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். டயர்க் கடை வாசம்.

"பீலி சொட்டுச் சொட்டா வருது. இப்ப அதுவும் நின்னுருக்கும்."

"சுமதி?" என்றேன். சுமதி அவள் மகள். பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள்.

"கேக்குறீங்களே, அதுவே பெரிசு. பொறந்து பதினோரு நாளு. பச்சப் புள்ளைய டயருத் தண்ணியிலயா குளிப்பாட்டுறது? அவளுக்கு அதுலயா கஞ்சி வைக்கிறது? நாப்பது வருசமா பூந்தோட்டம் பாக்குறவரு, நீங்களே சொல்லுங்க."

 

லோகுவைக் கூட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனேன். மூடியைத் தூக்கினால் தண்ணீரைக் காணோம், சிவப்புத்தான் தெரிந்தது. குழாய் வாயில் ரப்பர் அடைத்து இறுகிக் கிடந்தது. தாச்சியால் அள்ளி அள்ளிக் கொட்டினோம். தொட்டியைத் தேய்த்துக் கழுவினோம். சாயம் கையில் ஒட்டியது. பதினொரு மணிக்குத் தண்ணீர் தெளிந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒரு சின்னத் தூறல். மறுபடியும் சிவப்பு. சரிவில் ரப்பர் இருக்கிற வரைக்கும் தொட்டியைக் கழுவிப் பிரயோசனமில்லை.

மாத்தயாவிடம் போனேன். மேல்படியில் நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"புதன்கிழமை கெஸ்ட் போயிருவாங்க. புதன்கிழமை எடுப்போம். அது வரைக்கும் லயத்து ஆட்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். ஹரித?"

"ஹரி இல்ல மாத்தயா."

அவர் வாய் திறந்தபடி நின்றது. அந்த இடத்தில் யாரும் பேசி அவர் கேட்டதில்லை.

"இறங்கி வாங்க" என்றேன்.

என்ன நினைத்தாரோ, இறங்கினார். வெள்ளைச் சப்பாத்தோடு சேற்றில் நடந்து தொட்டி வரைக்கும் வந்தார். குனிந்து பார்த்தார். ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"கல் வரிசை இருந்திருந்தா?"

"முக்காவாசி நின்னிருக்கும்."

"பின்ன ஏன் எடுத்த?"

சொன்னேன். மல் என்று கேட்டது, பூ என்று நினைத்தது, வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டது, எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து அவர் அனுப்பிய பேச்சை அவரே காதில் வைத்துக் கேட்டார். இரண்டு தரம் கேட்டார்.

"'ச்' இல்ல" என்றார்.

"இல்ல மாத்தயா."

இனி வேலை நடக்கும் என்று நினைத்தேன். அவர் சப்பாத்தைப் புல்லில் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஆனா கெஸ்ட் முன்னால சரிவைத் தோண்ட ஏலாது சிவனு. நோனா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. புதன்கிழமைதான்."

இதுதான் அவர். எல்லாம் விளங்கும். அதற்கு மேல் ஒரு அடி வைக்கமாட்டார்.

நான் வாதாடவில்லை. பங்களாவுக்குத் தனித் தண்ணீர். மேல் மலையிலிருந்து குழாயில் வருகிறது. அதில் ரப்பர் கிடையாது. முற்றத்துக் குழாயில் ஹோசைச் செருகினேன். ஷெட்டில் கிடந்த மூன்று ஹோசை அதோடு சேர்த்துக் கட்டினேன். கெஸ்ட் தேத்தண்ணி குடிக்கிற புல்வெளிக்கு நடுவே இழுத்துக்கொண்டு போய்க் கீழ் லயத்து வாசலில் விட்டேன். ஒரேஞ்சு நிற ஹோஸ். மேல்படியிலிருந்து பெரிதாக்காமலே தெரியும்.

மதினி குடத்தை வைத்தாள். "இதுலயும் ஏதாச்சும் பூக்குமா?"

"பூக்காது. புடிங்க."

திரும்பி வந்தபோது மாத்தயா படியில் நின்றார்.

"இது என்ன சிவனு?"

"தண்ணி."

"கெஸ்ட் பார்ப்பாங்க."

"பாக்கட்டும்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். அவர் ஹோசைப் பார்த்தார். கெஸ்டைப் பார்த்தார். போனை வெளியே எடுத்தார், மறுபடி பைக்குள் போட்டார்.

"பழைய ஷெட்டுல பச்சை ஹோஸ் இருக்கு. அது புல்லுல தெரியாது. ஹரித?"

இந்தத் தடவை அவர் காத்திருந்தார்.

"ஹரி" என்றேன்.

புதன்கிழமை கெஸ்ட் போனதும் அள்ளத் தொடங்கினோம். கொட்டினது ஒரு பின்னேரத்தில். அள்ள ஆறு நாள். மேலே கிடந்ததை வாரியால் இழுத்து எடுத்தோம். மிதிபட்டு மண்ணுக்குள் போனதைப் பல் வைத்த இரும்பு முள்ளால் கிளறிச் சல்லடையில் அரித்தோம். மழையில் ஊறின துண்டு மண் நிறத்துக்கு வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும். மண் உதிரும், ரப்பர் உதிராது. லோகு ஆறு நாளும் ஒரு பகிடியும் விடவில்லை.

அறுபது சாக்கு கொட்டினோம். திருப்பிக் கட்டியது முப்பத்தெட்டு. அதில் எட்டுச் சாக்கு ஊஞ்சலுக்குக் கீழே பலகை அடித்துப் போட்டோம். அது இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது. பிள்ளைகள் விழுகிறார்கள், எழும்பி ஓடுகிறார்கள். ரப்பர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வைக்கிற இடம் தெரியாமல் வைக்கிறார்கள் என்கிறேன். இதைச் சொன்னால் ஏன் ஒருவனுக்கும் விளங்குவதில்லை?

கல் போடுகிற விதத்தையும் எழுதிவிடுகிறேன். பிறகு போன் எடுக்கவேண்டாம்.

முதலில் கீழ்க்கரையில் கருங்கல் வரிசை. மேலே சொன்ன மாதிரி மலைப் பக்கம் சாய்த்துப் பதிக்கவேண்டும். ஏறி மிதித்துப் பார்க்கவேண்டும். ஆடினால் பிடுங்கி மறுபடி பதிக்கவேண்டும். பிறகு பாத்தி மண்ணை நான்கு விரல் ஆழம் எடுக்கவேண்டும். பழைய உரச் சாக்கைக் கழுவி, பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரிக்கவேண்டும். மேல் சாக்கு கீழ்ச் சாக்கின் மேலே வரவேண்டும், கூரைத் தகரம் மாதிரி. மாற்றி விரித்தால் தண்ணீர் அடியில் புகும். சல்லிக்கல்லைக் கழுவித்தான் போடவேண்டும். கழுவாத கல்லின் தூள் முதல் மழையிலேயே கானுக்குப் போகும். கழுவுகிற தண்ணீரையும் கானில் விடக்கூடாது. தாச்சியால் கீழிருந்து மேலே கொட்டிக்கொண்டு போகவேண்டும். மேலிருந்து கொட்டினால் உருளும். செடியின் தண்டை ஒட்டிப் போடக்கூடாது, ஒரு கை அகலம் விடவேண்டும். மம்பட்டியின் முதுகால் தட்டவேண்டும். அவ்வளவுதான். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

எங்களுக்கு ஒன்பது நாள் பிடித்தது. நோனா போனில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"கல் என்ன நிறம்?"

"கல் நிறம் நோனா" என்றேன்.

மாத்தயா அதற்குப் பிறகும் மேல்படியில்தான் நின்றார். ஆனால் குரல் அனுப்பினால் பின்னாலேயே எழுத்திலும் ஒன்று அனுப்பினார்.

கீழ் லயத்துக்காரர்கள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மதினி மட்டும் சொன்னாள். அவளுக்கு உரிமை உண்டு. பீலி வந்தது. ஆனாலும் சுமதியின் பிள்ளைக்கு மூன்று மாதம் வரைக்கும் அவள் பீலித் தண்ணீரைத் தொடவில்லை. அடுத்த லயத்திலிருந்து சுமந்தாள். ஒருநாள் குடத்தை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

அள்ளி முடியாத இருபத்திரண்டு சாக்கு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். கொஞ்சம் தேயிலைக்குள். கொஞ்சம் ஆற்றுக்கு. மற்றது கானின் இரண்டு பக்கத்து மண்ணுக்குள். மண் கரையக் கரைய அது வெளியே வருகிறது. அதற்காகத் தொட்டிக்குள் குழாய் வாயில் நைலோன் வலை கட்டியிருக்கிறேன். வேலையை விட்ட பிறகும், மழை பெய்த மறுநாள் காலையில் நான்தான் போய் அதை அவிழ்த்து உதறுகிறேன். வேறு யார் செய்வது?

போன கிழமை மூன்று நாள் மழை. நேற்றுக் காலை வலையை அவிழ்த்துத் தொட்டி மூடியின் மேல் விரித்தேன். இலைச் சருகை ஒதுக்கினேன். மற்றதை விரலால் நசுக்கிப் பார்த்து, உதிராததை ஒரு பக்கமாக வைத்து எண்ணினேன்.

நாற்பத்து மூன்று.